போக்கிமான் பாக்கெட்டில் எந்த டெக் வலுவானது?

கேள்வி: ஏற்காட்டிலிருந்து தினமும் சேலத்துக்குக் கல்லூரிக்கு வந்து போகிறேன். ஆறு மாதமாகப் போக்கிமான் டிசிஜி பாக்கெட் என்ற கார்டு ஆட்டத்தை போனில் ஆடுகிறேன், பணம் கட்டி எதுவும் வாங்கியதில்லை. என்னிடம் மியூடூ இஎக்ஸ் இரண்டு, கார்டெவார் இரண்டு, பிகாச்சு இஎக்ஸ் இரண்டு, சாரிஸார்ட் இஎக்ஸ் ஒன்று, டார்க்ரை இஎக்ஸ் ஒன்று இருக்கின்றன. ரேங்க் ஆட்டத்தில் கிரேட் பால் நிலையைத் தாண்ட முடியவில்லை. இருப்பதிலேயே வலுவான டெக், அதாவது ஆடுவதற்குக் கட்டும் கார்டுக் கட்டு, எது? இன்னொரு சாரிஸார்ட் எடுத்தால் மேலே போகலாமா? பஸ்ஸில் ஆடுவதால்தான் தோற்கிறேனா?

பதில்: தம்பி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. இன்னொரு சாரிஸார்டைத் தேட வேண்டாம். இப்போதைக்கு மியூடூவை ஆடுங்கள். கார்டு பாக்கெட் திறந்தால் கிடைக்கும் பாயிண்டுகளைச் சேர்த்து இரண்டாவது டார்க்ரையை எடுங்கள். பஸ் விஷயத்தைக் கடைசியில் பேசலாம், அதற்கும் இதில் பங்கு உண்டு.

"இருப்பதிலேயே வலுவானது இதுதான்" என்று ஒரு பெயரை எழுதிக் கொடுப்பது எளிது. ஆனால் இந்த ஆட்டத்தில் ஏறக்குறைய மாதம் ஒரு புதிய கார்டுத் தொகுப்பு வருகிறது. நான் எழுதும் பெயர் மாங்காய் சீசன் முடிவதற்குள் பழசாகிவிடும். அதனால் இதுவரை கொடிகட்டிப் பறந்த டெக்குகள் ஏன் பறந்தன என்று சொல்கிறேன். அது புரிந்தால் அடுத்த மாதம் வரும் கார்டை நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன். எடைபோடுவது எனக்குத் தொழில். கார்டு, டெக் என்றே எழுதுகிறேன், 'சீட்டு' என்று எழுதவில்லை. எங்கள் தெருவில் சீட்டு என்றால் முதலில் ஏலச்சீட்டு, அடுத்து ரம்மி. மூன்றாவதாக ஒரு பொருள் இருக்கிறது என்பதை என் அப்பா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆட்டத்தின் விதிகள் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எந்த விதி எதைத் தீர்மானிக்கிறது என்பதைக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. காகிதக் கார்டில் 60 கார்டுகள் கொண்ட டெக், இதில் 20. ஒரே பெயரில் இரண்டுக்கு மேல் வைக்க முடியாது. முன்வரிசையில் ஒருவர் நின்று அடிப்பார், பின்னால் மற்றவர்கள் காத்திருக்கும் பெஞ்சில் மூன்று இடம்தான். முதலில் மூன்று புள்ளி எடுத்தவர் வெற்றியாளர். சாதாரணப் போக்கிமானை வீழ்த்தினால் ஒரு புள்ளி, இஎக்ஸ் என்ற பலமான வகையை வீழ்த்தினால் இரண்டு. அடிப்பதற்குத் தேவையான எனர்ஜியை டெக்கில் வைப்பதில்லை, சுற்றுக்கு ஒன்று தானாக வருகிறது, முதலில் ஆடுபவருக்கு மட்டும் முதல் சுற்றில் அதுவும் கிடையாது. இவ்வளவுதான். இந்தச் சிறிய அளவுகளிலிருந்துதான் எல்லா வலுவும் எல்லாப் பலவீனமும் பிறக்கின்றன. ஆட்டம் குட்டை, புதையல் தேட நேரமில்லை.

2024 அக்டோபர் 30 அன்று ஆட்டம் உலகெங்கும் வெளிவந்தபோது முதல் தொகுப்பான ஜெனடிக் ஏபெக்ஸில் எல்லோரும் ஓடியது சாரிஸார்டின் பின்னால். உங்களைப் போலவே நானும் ஓடினேன். 180 எச்பி, அதாவது அவ்வளவு சேதம் தாங்கும், அடித்தால் 200 சேதம். பார்க்கும்போதே வயிறு நிறைந்தது. ஆனால் சில வாரங்களில் ரேங்க் இல்லாத அந்தக் காலத்திலேயே ஜெயித்துக்கொண்டிருந்தவை பிகாச்சு இஎக்ஸும் மியூடூ இஎக்ஸும்தான். பிகாச்சுவின் அடி வெறும் 90. அதுவும் பெஞ்சில் மூன்று மின்சாரப் போக்கிமான்கள் உட்கார்ந்திருந்தால்தான் 90, ஒவ்வொன்றுக்கும் 30 என்ற கணக்கு. 200 எங்கே, 90 எங்கே? ஆனாலும் 90 ஜெயித்தது.

ஏன் என்பதைத் தட்டுவடை செட் கடையில் நின்று யோசித்துப் பாருங்கள். இரண்டு தட்டுவடை, நடுவில் சட்னியும் துருவிய காய்களும், அவ்வளவுதான். கேட்ட நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். பிகாச்சு டெக் அது. பிகாச்சு அடிப்படைப் போக்கிமான், எதிலிருந்தும் பரிணமிக்க வேண்டியதில்லை. இரண்டு எனர்ஜி போதும். இரண்டாவதாக ஆடும் வாய்ப்புக் கிடைத்தால் உங்களுடைய இரண்டாவது சுற்றிலேயே 90 விழுகிறது. அந்த நேரத்தில் எதிராளியின் சாரிஸார்ட் இன்னும் 60 எச்பி சார்மாண்டராகப் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருக்கும்.

சாரிஸார்டோ கொலுசு மாதிரி. எங்கள் தொழிலில் ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், இன்னொரு வீட்டில் கண்ணி கோப்பார்கள், பற்றவைப்பது ஓரிடம், மெருகு வேறோரிடம். எல்லாக் கைகளும் ஓடினால் நகை கண்ணைப் பறிக்கும். நடுவில் ஒரு வீட்டில் கரண்ட் போனால் மற்ற எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சார்மாண்டர் வந்து, சார்மீலியன் வந்து, சாரிஸார்ட் வந்து, நான்கு எனர்ஜியும் சேர்ந்து, பிறகுதான் அந்த 200. எனர்ஜி வேகமாகச் சேரவேண்டுமென்றால் மோல்ட்ரெஸ் இஎக்ஸ் முன்னால் நின்று மூன்று நாணயங்களைச் சுண்ட வேண்டும். சராசரியாக ஒன்றரைத் தலை விழும். ஒன்றரை எனர்ஜியை நம்பி நான்கு கை வேலை.

இதை வெறும் உவமையாக விட்டுவிடாமல் கணக்காகவே காட்டுகிறேன். டெக்கில் இரண்டு பிரதி வைத்திருக்கும் ஒரு குறிப்பிட்ட கார்டு முதல் ஐந்து கார்டுகளில் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 45 என்ற அளவில்தான். பத்துக் கார்டுகள், அதாவது டெக்கில் பாதி, கையில் வந்துபோன பிறகு அது 76 ஆகிறது. ஒரு கார்டு என்றால் இது நல்ல வாய்ப்புதான். ஆனால் மூன்று படி பரிணமிக்கும் வரிசையில் மூன்று கார்டுகளும் வேண்டுமே! அடிப்படை ஒன்று, நடுப்படி ஒன்று, மேல்படி ஒன்று என்று மூன்றும் அந்தப் பத்துக்குள் இருப்பதற்கான வாய்ப்பு 41 மட்டுமே. போக்கே பால் போன்ற தேடும் கார்டுகளை எளிமைக்காக விட்டுவிட்டேன், அவற்றைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும். இருந்தாலும் பாதி டெக் தீர்ந்த பிறகும் ஆட்டத்துக்கு ஆட்டம் பாதிக்கு மேல் உங்கள் நாயகன் மேடை ஏறவே இல்லை என்பதுதான் நிலை. நீங்கள் கிரேட் பாலில் சிக்கியிருப்பதற்கு எதிராளியின் கார்டுகள் காரணமாக இருக்கத் தேவையில்லை. உங்கள் கையிலேயே சேதாரம் அதிகம்.

அப்படியானால் மியூடூ எப்படி ஜெயித்தது, அதற்கும் ரால்ட்ஸ், கிர்லியா, கார்டெவார் என்று மூன்று படி வேண்டுமே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. இங்கேதான் ஒரு நுணுக்கம். மியூடூ தானே அடிப்படைப் போக்கிமான், 150 எச்பி. கார்டெவார் வராவிட்டாலும் அது முன்னால் நின்று இரண்டு எனர்ஜிக்கு 50 அடித்துக்கொண்டே இருக்கும். கார்டெவார் வந்துவிட்டால் சுற்றுக்கு ஓர் எனர்ஜி கூடுதலாகக் கிடைக்கும். மியூடூவின் பெரிய அடி 150, அடித்ததும் இரண்டு எனர்ஜியை எறிய வேண்டும். கையால் வைப்பது ஒன்று, கார்டெவார் தருவது ஒன்று, எறிந்த இரண்டும் அடுத்த சுற்றுக்குள் திரும்ப வந்துவிடும். அப்புறம் சுற்றுக்கு 150, நிற்கவே நிற்காது. ஆக இந்த டெக் முழுதும் சேராமல் போனாலும் பாதி வேலை செய்கிறது. சாரிஸார்ட் டெக்கோ சேராவிட்டால் ஒன்றுமே செய்யாது. வலுவான டெக்கைத் தேடும்போது நான் பார்ப்பது இதைத்தான்: நன்றாக ஓடும் நாளில் என்ன செய்கிறது என்பதைவிட, ஓடாத நாளில் என்ன மிஞ்சுகிறது.

2024 டிசம்பரில் மிதிக்கல் ஐலண்ட் வந்தது. செலபி இஎக்ஸ் சேர்ந்துள்ள எனர்ஜி ஒவ்வொன்றுக்கும் ஒரு நாணயம் சுண்டும், தலைக்கு 50. செர்பீரியர் பெஞ்சில் இருந்தால் ஒவ்வோர் எனர்ஜியும் இரண்டாகக் கணக்காகும். நான்கு எனர்ஜிக்கு எட்டு நாணயங்கள், சராசரி 200 சேதம். திருவிழாக் கூட்டம் போல எல்லோரும் செலபி பின்னால் போனார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எட்டு நாணயங்களும் திரையில் ஒவ்வொன்றாகச் சுழன்று விழும்வரை எதிரில் இருப்பவன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே, அந்த எரிச்சலுக்காகவே பிடிக்கவில்லை. அதே தொகுப்பின் கியாரடோஸ் இஎக்ஸ் வேறு ரகம். 180 எச்பி, 140 சேதம், அடிக்கும்போது களத்தில் உள்ள எல்லாப் போக்கிமான்களின் எனர்ஜியிலிருந்தும் குருட்டாம்போக்கில் ஒன்றைப் பிடுங்கி எறியும், தன்னுடையதாகவும் இருக்கலாம். இதனோடு ஜெனடிக் ஏபெக்ஸின் கிரெனின்ஜா சேர்ந்தது. அது பெஞ்சிலிருந்தே சுற்றுக்கு 20 சேதத்தை எங்கு வேண்டுமானாலும் எறியும். முன்வரிசையில் ட்ரட்டிகன் நின்றது. அந்த டெக்கில் அதற்கு அடிக்கத் தேவையான நெருப்பு எனர்ஜியே கிடையாது, அது ஒருமுறைகூட அடிக்காது. ஆனால் தன்னை அடிப்பவனுக்கு 20 சேதத்தைத் திருப்பிக் கொடுக்கும். சும்மா நிற்பதற்கென்றே ஓர் ஆள். கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் பெரியப்பா மாதிரி. வேலை எதுவும் செய்ய மாட்டார், ஆனால் அவரைத் தாண்டி உள்ளே போக முடியாது.

இந்த ட்ரட்டிகனைப் பார்த்த பிறகுதான் புள்ளிக் கணக்கு எனக்கு உறைத்தது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பலரும் தவறவிடும் இடம் இது.

மூன்று புள்ளிகளுக்கு எதிராளி உங்களிடம் எத்தனை பேரை வீழ்த்த வேண்டும்? இஎக்ஸே இல்லாமல் ஆடினால் மூன்று பேரை. முதல் இரண்டு வீழ்ச்சிகளில் ஒன்று இஎக்ஸ் என்றால் இரண்டு பேர் போதும். இஎக்ஸ் முதலில் விழுந்து பிறகு சாதாரணம் விழுந்தாலும், சாதாரணம் முதலில் விழுந்து பிறகு இஎக்ஸ் விழுந்தாலும் கணக்கு முடிந்துவிடும். இரண்டு சாதாரணங்கள் விழுந்த பிறகு இஎக்ஸ் வெளியே வந்தால் அதன் இரண்டாவது புள்ளி எதிராளிக்குப் பயன்படாது. அதே போல ஓர் இஎக்ஸ் விழுந்துவிட்ட பிறகு இரண்டாவது இஎக்ஸை இறக்குவதில் கூடுதல் நஷ்டம் எதுவும் இல்லை, அப்போது அதுவும் ஒரு புள்ளிக்குச் சமம்தான்.

இதை எச்பியாக மாற்றுங்கள். எதிராளி ஜெயிக்க மொத்தம் எவ்வளவு எச்பியைத் தின்று தீர்க்க வேண்டும்? பிகாச்சு 120, ஸாப்டோஸ் இஎக்ஸ் 130, ஆக 250. இரண்டு மியூடூ என்றால் 300. ஆனால் உங்கள் பெஞ்சில் 60 எச்பியோடு ஒரு ரால்ட்ஸ் உட்கார்ந்திருக்கிறதே, அதை வெளியே இழுக்க வழியிருந்தால் 150-உம் 60-உம் சேர்ந்து 210-லேயே கதை முடிந்துவிடும். கியாரடோஸ் டெக்கில் ஒரு ட்ரட்டிகன் விழுந்து கியாரடோஸ் விழுந்தால் 280, இரண்டு ட்ரட்டிகன்களும் நின்று விழுந்துவிட்டால் 380, போகிற வழியில் முள் குத்தும் காயங்கள் வேறு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் யார் ஏன் ஜெயித்தார்கள் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். எதிராளிக்கு மலிவான வழி எது, அந்த வழி அவன் கைக்கு எட்டுமா என்பதைத்தான் ஒவ்வொரு சுற்றிலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கைக்கு எட்டுமா என்பதை மாற்றிப்போட்ட கார்டு ஒன்று 2025 ஜனவரிக் கடைசியில் ஸ்பேஸ்-டைம் ஸ்மாக்டவுனோடு வந்தது: சைரஸ். அதற்கு முன்னால் சப்ரீனாதான் இருந்தாள். அவள் எதிராளியின் முன்வரிசை ஆளைப் பின்னால் தள்ளுவாள், ஆனால் அடுத்து யார் வருவது என்பதை அவனே தேர்ந்தெடுப்பான். சைரஸ் அப்படியில்லை, அடிபட்டுப் பெஞ்சில் பதுங்கியிருக்கும் ஆளில் எவனை வேண்டுமோ அவனை நீங்களே காலரைப் பிடித்து முன்னால் இழுக்கலாம். கிரெனின்ஜாவின் 20 சேதம் அதுவரை கொசுக்கடி, சைரஸ் வந்த பிறகு அது அடையாளக் குறி. மியூடூ டெக்கின் ரால்ட்ஸ் மேல் ஒரு கீறல் விழுந்தால் போதும், அந்த 210 கணக்கு நிஜமாகிவிடும்.

அதே தொகுப்பில் உங்களிடம் ஒன்று இருக்கும் டார்க்ரை இஎக்ஸ். அடிப்படைப் போக்கிமான், 140 எச்பி. எனர்ஜி தானாக வரும் மண்டலத்திலிருந்து அதற்கு இருள் எனர்ஜி வைக்கும் ஒவ்வொரு முறையும் எதிராளியின் முன்வரிசை ஆளுக்கு 20 சேதம், டார்க்ரை பெஞ்சில் இருந்தாலும் சரி. அதாவது எல்லோரும் சும்மா செய்யும் ஒரு வேலைக்கு இதற்குக் கூலி கிடைக்கிறது. முதலாளி இல்லாத நேரத்திலும் ஓடும் மீட்டர். மார்ச் மாதக் கடைசியில் ஷைனிங் ரெவல்ரியோடு ரேங்க் ஆட்டமும் கிராட்டினா இஎக்ஸும் ஒன்றாக வந்தன. கிராட்டினாவும் அடிப்படைதான். தன் எனர்ஜியைத் தானே எடுத்து வைத்துக்கொள்ளும், ஆனால் அந்தத் திறனைப் பயன்படுத்தினால் உங்கள் சுற்று அத்தோடு முடிந்துவிடும். ஆரம்பத்தில் அடிக்க முடியாத சுற்றுகளில் அதனால் நஷ்டமே இல்லை. டார்க்ரை இரண்டு, கிராட்டினா இரண்டு, மீதி பதினாறும் பயிற்சியாளர், பொருள் கார்டுகள். பரிணாமமே கிடையாது. போக்கே பால் போட்டால் வருவது எதுவானாலும் இஎக்ஸ். ஓர் இஎக்ஸ் விழுந்த பிறகு அடுத்த இஎக்ஸுக்கு நஷ்டம் இல்லை என்று மேலே சொன்னேனே, அதை முழுதாகப் பயன்படுத்திய டெக் இதுதான். 2025 வசந்தம் முழுக்க ரேங்கில் இதைச் சந்திக்காமல் ஒரு மாலை கழித்ததாக எனக்கு நினைவில்லை. என் கணக்கில், இந்த ஆட்டத்தின் முதல் ஆண்டில் மிகச் சிக்கனமாகச் செய்யப்பட்ட டெக்கும் இதுதான். ஒரு மில்லி கிராம் வீணில்லை.

மூன்று படிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 2025 ஏப்ரல் கடைசியில் செலஸ்டியல் கார்டியன்ஸில் ரேர் கேண்டி வந்தது. அடிப்படையிலிருந்து நடுப்படியைத் தாண்டி நேராக மேல்படிக்குக் கொண்டுபோகும் கார்டு, அந்தச் சுற்றிலேயே இறங்கிய போக்கிமானுக்கு மட்டும் பயன்படாது. மறுபடி பத்துக் கார்டு கணக்கைப் போடுங்கள். நடுப்படி இரண்டோடு ரேர் கேண்டி இரண்டும் சேர்ந்தால் நடுப்படிக்கு நான்கு வழிகள். 41 என்பது 54 ஆகிறது. பதின்மூன்றுதானே என்று நினைக்காதீர்கள், பாதிக்குக் கீழே இருந்தது பாதிக்கு மேலே ஏறிவிட்டது. சோல்கலியோ இஎக்ஸ் இதை வைத்துத்தான் மேலே வந்தது: 180 எச்பி, இரண்டே எனர்ஜிக்கு 120 சேதம், பெஞ்சிலிருந்து தானாக முன்னால் வரும் திறன். 2025 அக்டோபர் கடைசியில் வந்த மெகா இஎக்ஸ் ஒன்று விழுந்தால் மூன்று புள்ளிகளும் ஒரே அடியில் போய்விடும், அப்போது எதிராளி தின்ன வேண்டிய எச்பி அந்த ஒரே கார்டின் எச்பிதான். மெகா டெக்கை யாராவது புகழ்ந்தால் அந்த எண்ணை முதலில் பாருங்கள்.

மிஸ்டி என்ற பயிற்சியாளர் கார்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனசாட்சி உறுத்தும். ஒரு நீர்ப் போக்கிமானைத் தேர்ந்தெடுத்து, பூ விழும்வரை நாணயம் சுண்டிக்கொண்டே இருக்கலாம், தலைக்கு ஓர் எனர்ஜி. ஆர்ட்டிகூனோ இஎக்ஸ் மூன்று நீர் எனர்ஜிக்கு 80 அடிக்கும், பெஞ்சில் எல்லோருக்கும் 10. டெக்கில் ஆர்ட்டிகூனோ இரண்டு, மீதி பதினெட்டும் பயிற்சியாளர், பொருள் கார்டுகள் என்று ஆடிய மகானுபாவர்கள் உண்டு. தொடர்ந்து மூன்று தலை விழ எட்டில் ஒரு வாய்ப்பு. முதல் சுற்றிலேயே, அடிப்படைப் போக்கிமான் ஒன்றை மட்டும் வைத்திருக்கும் எதிராளியை அடித்துச் சாய்த்து ஆட்டத்தையே முடித்துவிடலாம். அண்ணா பூங்கா பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீ சொல்லிவிட்டு ஆட்டம் தொடங்கினேன். டீ வருவதற்குள் தோற்றிருந்தேன். என் சுற்று வரவே இல்லை. எதிரே இருந்தவர் வெள்ளிக் கடைக்காரர், வாங்கிய டீக்குக் காசும் நானே கொடுத்தேன். ஆனால் கணக்கு கணக்குதான்: பாதி முறை முதல் நாணயமே பூ, மிஸ்டி வீண். நல்ல நாளில் பெரிய வெற்றி, கெட்ட நாளில் கையில் ஒன்றுமில்லை. மேலே சொன்ன என் உரைகல்லில் இது தேறாது. பக்கத்தில் ஸ்டார்மி இஎக்ஸ் இருந்தால் கொஞ்சம் தேறும், அது இரண்டு எனர்ஜிக்கு 90 அடித்துவிட்டுச் செலவே இல்லாமல் பின்வாங்கும், மிஸ்டி ஏமாற்றினாலும் பிழைத்துக்கொள்ளும்.

"முதல் தரம், இரண்டாம் தரம்" என்று பட்டியல் போடுகிறார்களே, அவற்றைப் படிக்கும்போது இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பது ஒன்று, எத்தனை ஆட்டம் ஜெயிக்கிறது என்பது வேறு. கூட்டம் அதிகமான கடையில் புடவை நன்றாகத்தான் இருக்கும் என்று நம்புவது போன்றது முதலாவதை மட்டும் பார்ப்பது. நல்ல டெக்கே நூற்றுக்கு 55 ஜெயித்தால் பெரிய விஷயம். 55 ஜெயித்து 45 தோற்றால் நூறு ஆட்டத்துக்கு மிஞ்சுவது பத்து வெற்றிகள். நீங்கள் ஒரு மாலையில் ஐந்து ஆட்டம் தோற்றுவிட்டு டெக்கை மாற்றுகிறீர்கள் என்றால் எந்த டெக்கைப் பற்றியும் உங்களுக்கு எதுவும் தெரியவரப் போவதில்லை. முப்பது ஆட்டமாவது ஒன்றையே பிடித்துக்கொண்டு ஆடுங்கள்.

இப்போது உங்கள் கையில் இருப்பது. பிகாச்சு இரண்டும் ஸாப்டோஸ் இல்லாமல் கொஞ்சம் நொண்டும், 180 எச்பி ஆட்கள் மலிந்த இடத்தில் அந்த 90 இரண்டு முறை விழ வேண்டும், அதற்குள் பிகாச்சு போய்விடும். அதனால்தான் மியூடூ என்கிறேன். மியூடூ இரண்டு, ரால்ட்ஸ் இரண்டு, கிர்லியா இரண்டு, கார்டெவார் இரண்டு, ரேர் கேண்டி இரண்டு. ஆராய்ச்சிப் பேராசிரியர் இரண்டு, அது இரண்டு கார்டுகள் எடுக்கத் தரும். போக்கே பால் இரண்டு. போக்கிமான் கம்யூனிகேஷன் இரண்டு, கையில் தேங்கும் போக்கிமானைக் கொடுத்து வேறொன்றை வாங்க. 20 எச்பி கூட்டும் ஜெயண்ட் கேப் இரண்டு, அதை மியூடூவுக்கே போடுங்கள், 170 ஆகும். மீதி இரண்டு இடத்தில் சப்ரீனா ஒன்று, சைரஸ் ஒன்று. ரால்ட்ஸை இறக்கியதும் அதைக் கார்டெவாராக்குவதில் மட்டும் தாமதம் செய்யாதீர்கள். கார்டெவார் 110 எச்பி, அடிபட்டாலும் 60 அளவுக்கு மலிவில்லை. இரண்டாவது ரால்ட்ஸை அவசியமின்றிப் பெஞ்சில் வைக்கவும் வேண்டாம், அது எதிராளிக்கு நீங்கள் போடும் இலை.

டார்க்ரை விஷயம்: இஎக்ஸ் கார்டு ஒன்றுக்கு 500 பாயிண்ட். ஒரு பாக்கெட் திறந்தால் 5 பாயிண்ட், ஆக நூறு பாக்கெட். பணம் கட்டாமல் நாளுக்கு இரண்டு பாக்கெட் என்றால் ஐம்பது நாள், அன்றாடப் பணிகளில் கிடைக்கும், அடுத்த பாக்கெட்டுக்கான காத்திருப்பைக் குறைக்கும் மணற்கடிகாரங்களைச் சேர்த்தால் சீக்கிரம் முடியும். ஒரு தொகுப்பின் பாயிண்ட் அந்தத் தொகுப்புக்கு மட்டும்தான் செல்லும். ஸ்பேஸ்-டைம் ஸ்மாக்டவுன் தவிர வேறெதையும் அதுவரை திறக்காதீர்கள். அடுத்த தொகுப்பின் விளம்பரம் வரும், கை அரிக்கும். அங்கேதான் பெரும்பாலோர் எல்லாத் தொகுப்பிலும் நூற்றைம்பது பாயிண்டோடு நிற்கிறார்கள், எதையும் வாங்க முடியாமல். கிராட்டினா பாக்கெட்டிலேயே கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் அடுத்த ஐம்பது நாள் அதற்கு. அவசரமில்லை, படிப்பு நான்கு வருடம் இருக்கிறதே.

பஸ். ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. மலைப்பக்கம் திரும்பும்போது சிக்னல் போகிறது, சேலம் தெரியும் பக்கம் வந்ததும் திரும்புகிறது. ஆட்டத்தின் கடிகாரம் அதற்காக நிற்காது, உங்கள் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். காப்பித் தோட்டம் ஒன்றுக்கு வெள்ளி விளக்குகள் கொடுக்கப் போனபோது நானே ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டத்தை இப்படித் தோற்றிருக்கிறேன். அதுவும் மியூடூவில் நான்கு எனர்ஜி சேர்ந்து, கை பொத்தானுக்குப் போன நேரத்தில். காலையில் இறங்கும்போது அடிவாரம் தாண்டிய பிறகு ரேங்க் ஆட்டம் தொடங்குங்கள், மாலையில் ஏறும்போது அடிவாரம் வருவதற்குள் முடித்துவிடுங்கள். நடுவில் உள்ள இருபது வளைவுக்கும் பாக்கெட் திறக்கலாம், அதற்குச் சிக்னல் போனாலும் கார்டு எங்கும் போகாது.